தியோடோர் எஷெரிக்

தியோடோர் எஷெரிக் (நவம்பர் 29, 1857 – பெப்ரவரி 15, 1911) ஜெர்மனியில் பிறந்து ஆஸ்திரியாவில் பணியாற்றிய குழந்தைநல மருத்துவரும் நுண்ணுயிரியலாளரும் ஆவார். நோயற்ற குழந்தைகளின் குடலில் வாழும் பாக்டீரியாக்களைப் பிரித்தெடுத்து முறையாக விவரித்த முன்னோடிகளுள் ஒருவர். எஷெரிக்கியா கோலை (ஈ. கோலை) என்னும் பாக்டீரியா இவர் பெயரால் அழைக்கப்படுகின்றது.

இளமையும் கல்வியும்

எஷெரிக் பவேரியாவின் ஆன்ஸ்பாக் நகரில் பிறந்தார். தந்தை பெர்டினாண்ட் எஷெரிக் ஒரு மருத்துவர். எஷெரிக் சிறுவனாக இருந்தபோதே தாய் இறந்தார். 1876 இல் மருத்துவக் கல்வியைத் தொடங்கிய இவர் ஸ்ட்ராஸ்பர்க், கீல், பெர்லின், வூர்ட்ஸ்பர்க் ஆகிய இடங்களில் பயின்றார். பின்னர் வூர்ட்ஸ்பர்க் மருத்துவமனையில் கார்ல் கெர்ஹார்ட் என்பவரிடம் உதவி மருத்துவராக இருந்தார். 1884 இல் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் காலரா பரவியபோது அதனை ஆராய அங்கு அனுப்பப்பட்டார்.

குடல் பாக்டீரியா ஆய்வு

அக்காலத்தில் ஐரோப்பிய நகரங்களில் வயிற்றுப்போக்கினால் கைக்குழந்தைகள் பெருமளவில் இறந்தனர். தாய்ப்பாலின்றி வளர்ந்த குழந்தைகளே மிகுதியாகப் பாதிக்கப்பட்டனர். ராபர்ட் கோக் உருவாக்கிய தூய வளர்ப்பு முறை அப்போதுதான் பரவி வந்தது. காலராவைப் போலவே இந்நோய்க்கும் ஒரு கிருமி காரணமாக இருக்கலாம் என்று பலர் கருதினர். ஆனால் நலமான குழந்தையின் குடலில் இயல்பாக எவை வாழ்கின்றன என்பதை அறியாமல், நோயுற்ற குழந்தையிடம் காணப்படும் பாக்டீரியாவைக் குற்றவாளி என்று முடிவுசெய்ய இயலாது. எனவே எஷெரிக் முதலில் நலமான குழந்தைகளையே ஆராய்ந்தார்.

மியூனிக் நகரில் இவர் செய்த ஆய்வின் முடிவுகள் 1885 இல் வெளிவந்தன. 1886 இல் அவை விரிவான நூலாயின. பிறந்த குழந்தையின் கரும்பச்சை நிற முதல் மலத்தில் தொடக்கத்தில் பாக்டீரியாக்களை இவர் காணவில்லை. சில மணி நேரத்திலேயே அவை தோன்றத் தொடங்கின. ஆகவே அவை வெளியிலிருந்தே குடலுக்குள் வருகின்றன என்று முடிவுசெய்தார். குழந்தை பால் குடிக்கத் தொடங்கியபின் குடலில் வாழும் வகைகள் மாறுவதையும் கண்டார். இவர் பிரித்தெடுத்தவற்றுள் ஒன்றுக்குப் பாக்டீரியம் கோலை கம்யூன் என்று பெயரிட்டார். பெருங்குடலில் பொதுவாகக் காணப்படும் பாக்டீரியா என்பது இதன் பொருள்.

காற்றில்லாச் சூழல்

குடலின் உட்பகுதியில் ஆக்சிஜன் மிகக் குறைவு. அங்கு ஓர் உயிர் எவ்வாறு வாழ்கின்றது என்பதும் எஷெரிக்கின் கேள்வியாக இருந்தது. தாம் கண்ட பாக்டீரியாக்கள் சர்க்கரையை நொதிக்கச் செய்து ஆக்சிஜன் இன்றியும் வளரவல்லவை என்று இவர் விளக்கினார். இவ்வாறு ஆக்சிஜன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாழக்கூடியவை விருப்பக் காற்றில்லா உயிரிகள் எனப்படும். ஈ. கோலை இவ்வகையைச் சேர்ந்தது. காற்றுபட்ட வளர்ப்புத் தட்டிலும் எளிதாக வளர்வதால் அதனைப் பிரித்தெடுப்பது எளிதாயிற்று.

ஆக்சிஜன் பட்டால் வளர இயலாத கட்டாயக் காற்றில்லா உயிரிகளை அத்தகைய தட்டுகளில் வளர்க்க முடியாது. 1899 இல் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் பணியாற்றிய ஹென்றி டிசியே, காற்றை நீக்கிய வளர்ப்பு முறையில், தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகளின் மலத்திலிருந்து கவை போலக் கிளைத்த பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். அது இன்று பிஃபிடோபாக்டீரியம் எனப்படுகின்றது. வயதுவந்தோரின் குடல் பாக்டீரியாக்களுள் மிகப் பெரும்பான்மை கட்டாயக் காற்றில்லா உயிரிகளே என்பதும், ஈ. கோலை பொதுவாக ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு என்பதும் பிற்காலத்தில் தெளிவாயின. எனினும் பிறந்த குழந்தையின் குடலில் எஞ்சியுள்ள ஆக்சிஜனை ஈ. கோலை போன்றவை பயன்படுத்திக் குறைப்பதால், கட்டாயக் காற்றில்லா உயிரிகள் குடியேற வழி ஏற்படுகின்றது.

கிராட்ஸ், வியன்னா

எஷெரிக் 1890 இல் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகருக்குச் சென்று குழந்தைநல மருத்துவப் பேராசிரியரானார். 1892 இல் இயற்பியலாளர் லியோபோல்ட் பாவுண்ட்லரின் மகள் மார்கரெட்டை மணந்தார். இவர்களுக்கு ஒரு மகனும் ஒரு மகளும் பிறந்தனர். மகன் சிறுவயதிலேயே இறந்தான். குடலில் தீங்கின்றி வாழும் கோலை பாக்டீரியா சிறுநீர்ப்பையை அடைந்தால் அங்கு அழற்சியை உண்டாக்கும் என்பதைக் குழந்தைகளிடம் கண்டு 1894 இல் எழுதினார். தொண்டை அடைப்பான் நோய் குறித்தும் ஆராய்ந்தார்.

1902 இல் வியன்னா பல்கலைக்கழகப் பேராசிரியராகவும் புனித அன்னா குழந்தைகள் மருத்துவமனையின் தலைவராகவும் பொறுப்பேற்றார். மறு ஆண்டு கைக்குழந்தைகள் பாதுகாப்புச் சங்கத்தைத் தோற்றுவித்து, தாய்ப்பால் ஊட்டுவதை வலியுறுத்தினார். எர்ன்ஸ்ட் மோரோ, கிளெமென்ஸ் ஃபொன் பிர்கே, பேலா ஷிக் ஆகியோர் இவரிடம் பணியாற்றிப் பின்னர் புகழ்பெற்றனர்.

மறைவும் பெயரும்

எஷெரிக் 1911 இல் தமது 53 ஆம் வயதில் வியன்னாவில் காலமானார். 1919 இல் கஸ்டெல்லானி, சால்மர்ஸ் ஆகியோர் இவர் கண்டறிந்த பாக்டீரியாவின் பேரினத்துக்கு எஷெரிக்கியா என்று பெயரிட்டனர். அப்பெயர் 1958 இல் முறைப்படி ஏற்கப்பட்டது.

ஈ. கோலையின் சில வகைகள் கைக்குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கை உண்டாக்கும் என்பதற்கான சான்றுகள் 1940களில் வெளிவந்தன. நலமான குடலிலும் வாழும் இந்த இனத்தில், தீங்கு செய்யும் வகைகளைத் தனியே இனங்காண வேண்டியிருந்தது. நலமான குடலில் இயல்பாக வாழ்வது எது என்று எஷெரிக் முன்னரே வரையறுத்திருந்தது அதற்கு அடிப்படையாயிற்று.