ஏழாவது வார்டின் கதவுகளைத் தட்டியவர்: டபிள்யூ. ஈ. பி. டு பாய்ஸ்

1896 ஆம் ஆண்டு பிலடெல்பியா அமெரிக்காவின் மூன்றாவது பெரிய நகரம். பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட மக்களுள் ஏறத்தாழ 40,000 பேர் கறுப்பினத்தவர். தெற்கு மாநிலங்களின் பண்ணைகளை விட்டு வேலை தேடி வருவோரால் இந்தத் தொகை ஆண்டுதோறும் பெருகிக்கொண்டிருந்தது. நகரின் நிர்வாகம் சீரழிந்து கிடந்ததற்கும் குற்றங்கள் மிகுந்ததற்கும் இம்மக்களே காரணம் என்ற எண்ணம் அங்கிருந்த சீர்திருத்தவாதிகளிடையே பரவியிருந்தது. நோய் எது என்பதை முடிவு செய்துவிட்ட அவர்கள் அதற்கு ஒரு மருத்துவச் சான்றிதழை மட்டுமே தேடினர். பென்சில்வேனியா பல்கலைக்கழகம் அந்தப் பணிக்கு 28 வயது இளைஞர் ஒருவரை அழைத்தது. அவர்தான் வில்லியம் எட்வர்ட் பர்க்கார்ட் டு பாய்ஸ்.

1868 பிப்ரவரி 23 அன்று மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கிரேட் பாரிங்டன் என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். குழந்தைப் பருவத்திலேயே தந்தை பிரிந்து சென்றுவிட, தாய் மேரி வறுமையோடு போராடி வளர்த்தார். நாஷ்வில் நகரின் ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றபின் ஹார்வர்டிலும் பெர்லினிலும் பயின்றார். பெர்லினில் குஸ்டாவ் ஷ்மோலரிடம் கற்றுக்கொண்ட ஒரு பழக்கம் அவருடைய வாழ்வைத் தீர்மானித்தது எனலாம்: கோட்பாட்டை முன்வைத்துச் சமூகத்தைப் பார்க்காமல், தரவுகளைத் திரட்டி அவற்றிலிருந்து மேலே ஏறுவது. 1895 இல் ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் ஆனார். அத்தகைய தகுதி உடையவருக்கு வெள்ளையர் பல்கலைக்கழகம் எதுவும் பேராசிரியர் பதவி தரவில்லை. பென்சில்வேனியா தந்ததும் ஓராண்டுக்கான உதவியாளர் பணிதான். ஊதியம் 900 டாலர். வகுப்பு எடுக்கும் வாய்ப்பு இல்லை, பல்கலைக்கழக ஆசிரியர் பட்டியலில் பெயரும் இல்லை. நம் பல்கலைக்கழகங்களில் தற்காலிக விரிவுரையாளராகக் காலம் தள்ளும் தலித் ஆய்வாளர்களுக்கு இந்த ஏற்பாடு அந்நியமானதாகத் தோன்றாது.

திருமணமாகி மூன்றே மாதமான மனைவி நீனாவுடன் அவர் ஏழாவது வார்டில் குடியேறினார். ஏழாவது தெருவும் லம்பார்ட் தெருவும் சந்திக்கும் இடத்தில், சேவை இல்லம் ஒன்று நடத்திய உணவு விடுதியின் மாடியில் ஒற்றை அறை. ஆய்வாளர் ஆய்வுக்களத்திலேயே வசித்தார் என்பதை வெறும் தகவலாகக் கடந்துவிட முடியாது. அக்காலத்தில் சமூகவியல் என்பது பெரும்பாலும் நாற்காலியில் அமர்ந்து எழுதப்பட்டது. இவரோ காலையில் கிளம்பி வீடு வீடாகக் கதவைத் தட்டினார். உதவிக்கு ஆள் வைத்துக்கொள்ளவில்லை. குடும்பம், தனிநபர், வீடு, தெரு, நிறுவனங்கள், வீட்டுப் பணியாளர் என ஆறு வகையான வினாப்படிவங்களைத் தாமே தயாரித்தார். சுமார் 2,500 குடும்பங்களைச் சந்தித்தார். தெற்கே சவுத் தெருவுக்கும் வடக்கே ஸ்ப்ரூஸ் தெருவுக்கும் இடையே, கிழக்கே ஏழாவது தெருவிலிருந்து மேற்கே ஸ்கூல்கில் ஆறு வரை நீண்டு கிடந்த அந்த வார்டில் 9,675 கறுப்பின மக்கள் வாழ்ந்ததாகக் கணக்கிட்டார். மக்கள் அவரை விரிந்த கரங்களோடு வரவேற்கவில்லை. ஏதோ விசித்திரப் பிராணிகளைப் போலத் தங்களை ஆராய வந்தவரை, அவர் தங்கள் நிறத்தவரே ஆயினும், ஐயத்தோடுதான் பார்த்தனர். அந்த ஐயம் நியாயமானது என்பதே என் கருத்து. கணக்கெடுக்க வருகிறவன் யார் பொருட்டு வருகிறான் என்று கேட்கும் உரிமை குடியிருப்பவனுக்கு உண்டு.

அந்த உழைப்பின் விளைவாக 1899 இல் வெளிவந்ததே ‘பிலடெல்பியா நீக்ரோ’ என்னும் நூல். வீட்டு வேலை செய்வோர் பற்றி இசபெல் ஈட்டன் எழுதிய தனி அறிக்கையும் அதில் இணைந்துள்ளது. நூலின் வலிமை அது வாடகையைப் பின்தொடரும் விதத்தில் இருக்கிறது. செல்வந்த வெள்ளையர் வீடுகள் நகரின் மையத்தில் இருந்தன. சமையல், சலவை, பரிமாறுதல் ஆகிய வேலைகளுக்குக் கறுப்பினத்தவர் அவற்றின் அருகிலேயே வசித்தாக வேண்டும். வேறு பகுதிகளில் அவர்களுக்கு வீடு தருவோர் அரிது. தருபவரும் கூடுதல் வாடகை கேட்பார். துணிந்து குடிபெயர்ந்தால் அக்கம்பக்கத்தாரின் அவமதிப்பைத் தாங்க வேண்டும், தேவாலயத்தையும் உறவுகளையும் விட்டுத் தொலைவில் இருக்க வேண்டும். ஆகவே பெருந்தெருக்களின் நேர்த்தியான வீடுகளுக்குப் பின்னாலிருந்த சந்துகளிலும் முடுக்குகளிலும், மோசமான வீடுகளுக்கு அதிக வாடகை கொடுத்து நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்தனர். அந்த வாடகையைக் கட்ட முடியாதவர்கள் ஓர் அறையை உள்வாடகைக்கு விட்டனர். வீட்டுக்குள் அந்நியர் வந்தனர், ஒண்டுக்குடித்தனம் பெருகியது, தூய்மை குறைந்தது. பின்னர் அதையே சுட்டிக்காட்டி, இம்மக்களின் ஒழுக்கம் இப்படித்தான் என்று நகரம் தீர்ப்பு எழுதியது. அவர் கணக்கெடுத்த 2,441 குடும்பங்களில் குளியலறையும் கழிப்பறையும் பயன்படுத்த முடிந்தவை 334 மட்டுமே.

வேலைவாய்ப்பிலும் அதே வலையை அவர் கண்டார். தொழிற்சங்கங்கள் கறுப்பினத் தொழிலாளரைச் சேர்க்கவில்லை. படித்த இளைஞன் கடை எழுத்தனாகக்கூட நுழைய முடியவில்லை. இதற்கு முந்தைய நிலையையும் அவர் நினைவூட்டினார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பிலடெல்பியாவின் விருந்துச் சமையல் தொழிலைக் கட்டியாண்டவர்கள் கறுப்பினத்தவர். அதே நூற்றாண்டில் அவர்களுடைய குடியிருப்புகள் மீண்டும் மீண்டும் வெள்ளையர் கும்பல்களால் தாக்கப்பட்டன. 1838 இல் மாநில அரசியல் சட்டமே அவர்களுடைய வாக்குரிமையைப் பறித்தது. 1870 இல் அது மீண்டபோது, மறு ஆண்டின் தேர்தல் நாளில் ஆசிரியரும் போராளியுமான ஆக்டேவியஸ் கேட்டோ சவுத் தெருவில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆக, 1896 இல் நகரம் கண்ட சேரி ஒரு நீண்ட வரலாற்றின் விளைவு. அதை மக்களின் இயல்பு என்று சொல்வதற்குத் தரவு இடங்கொடுக்கவில்லை.

ஆயினும் நூலில் இன்று நம்மை உறுத்தும் பகுதிகள் உண்டு. தெருவாரியாக வண்ணம் தீட்டிய வரைபடத்தில் அவர் மக்களை நான்கு தரங்களாகப் பிரித்தார். கடைநிலையில் வைத்தவர்களைத் தீயோர், குற்றவாளிகள் என்று பெயரிட்டார். சிக்கனம், குடும்ப ஒழுக்கம் பற்றிய அவருடைய அறிவுரைகளில் நியூ இங்கிலாந்தின் நடுத்தர வர்க்கக் குரல் கேட்கிறது. அடித்தட்டு மக்களைச் சொந்தச் சமூகத்தின் படித்தவர்களே பார்த்து முகம் சுளிக்கும் வழக்கம் நம்மிடமும் இருப்பதால் இதைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. எனினும் அந்தத் தரப்பிரிவுக்கு இன்னொரு நோக்கமும் இருந்தது. கறுப்பர் என்றால் ஒரே திரள் என்று பார்த்த வெள்ளையரிடம், இங்கே மருத்துவரும் இருக்கிறார், கூலியாளும் இருக்கிறார், இருவரையும் ஒரே வேலிக்குள் அடைத்திருப்பது நீங்கள் என்று அது காட்டியது.

உண்மை தெரிந்துவிட்டால் அநீதி குறையும் என்று அவர் அப்போது நம்பினார். அட்லாண்டா பல்கலைக்கழகத்தில் பணியேற்றபின் 1899 ஏப்ரலில் அந்த நம்பிக்கை உடைந்தது. சாம் ஹோஸ் என்னும் கறுப்பினத் தொழிலாளி கும்பலால் சித்திரவதை செய்யப்பட்டு எரித்துக் கொல்லப்பட்டார். அது குறித்து நிதானமான கடிதம் ஒன்றோடு பத்திரிகை அலுவலகத்திற்குப் புறப்பட்ட டு பாய்ஸ், ஹோஸின் விரல் மூட்டுகள் அதே தெருவில் ஒரு கடையில் காட்சிக்கு வைக்கப்பட்டிருப்பதை அறிந்து வழியிலேயே திரும்பினார். அடுத்த மாதம் அவருடைய கைக்குழந்தை பர்க்கார்ட் டிப்தீரியா நோயால் இறந்தான். ஆய்வை அவர் கைவிடவில்லை. 1900 இல் பாரிஸ் கண்காட்சிக்குக் கறுப்பின வாழ்வு பற்றிய வண்ண வரைபடங்களை மாணவர்களோடு சேர்ந்து தயாரித்தார். 1903 இல் ‘கறுப்பின மக்களின் ஆன்மாக்கள்’ நூலை வெளியிட்டார். ஆனால் ஆய்வோடு நிற்கவும் அவரால் இயலவில்லை. 1909 இல் என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவராகி, மறு ஆண்டு முதல் அதன் ‘கிரைசிஸ்’ இதழின் ஆசிரியரானார்.

ஏழாவது வார்டில் அவர் கண்ட வேலி பின்னர் சட்டமாகவே மாறியது. வெள்ளையர் பெரும்பான்மையாக உள்ள தெருவில் கறுப்பினத்தவர் குடியேறக் கூடாது என்று லூயிவில் நகரம் சட்டம் இயற்றியது. என்.ஏ.ஏ.சி.பி. தொடுத்த வழக்கில் 1917 இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ரத்தானதற்கு அடிப்படை, விரும்பியவருக்கு நிலத்தை விற்கும் சொத்துரிமை. கறுப்பரின் சமத்துவம் அங்கே மையமாக இல்லை. நகராட்சி செய்ய முடியாததைத் தனியார் பத்திரங்களின் வழியே வெள்ளை உரிமையாளர்கள் செய்தனர். அத்தகைய பத்திரங்களை நீதிமன்றங்கள் நிறைவேற்றித் தரக் கூடாது என்று தீர்ப்பு வர 1948 ஆகிவிட்டது. நம் உச்ச நீதிமன்றமோ 2005 இல், ஒரு சமூகத்தாரை மட்டும் உறுப்பினராக்கும் அகமதாபாத் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கத்தின் விதியைச் செல்லும் என்றது. வழக்கறிஞர்களாகிய நாம் இவ்விரு தீர்ப்புகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

1934 இல் டு பாய்ஸ் தம் அமைப்போடு முரண்பட்டு விலகினார். காரணம் இதே குடியிருப்புச் சிக்கல்தான். ஒதுக்கல் ஒழியும்வரை காத்திராமல், ஒதுக்கப்பட்ட இடத்திலேயே சொந்தக் கூட்டுறவுகளையும் பள்ளிகளையும் வலுவாகக் கட்ட வேண்டும் என்று அவர் எழுதினார். ஒதுக்கலை ஏற்பதாகும் என்று மற்றவர்கள் எதிர்த்தனர். தனிக் குடியிருப்பா, கலப்புக் குடியிருப்பா என்ற விவாதம் நமக்கும் தீரவில்லை. இரு தரப்பிலும் நியாயம் இருந்தது என்றாலும், பசியோடு காத்திருப்பவனின் பக்கம் நின்றவர் டு பாய்ஸ் என்றே நான் கருதுகிறேன்.

1946 இல் அம்பேத்கர் அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். அமெரிக்கக் கறுப்பினத்தவர் ஐக்கிய நாடுகள் அவைக்கு அளித்த மனுவின் படிகளைக் கேட்ட அக்கடிதம், தீண்டப்படாதோர் நிலைக்கும் கறுப்பர் நிலைக்கும் உள்ள ஒற்றுமையைக் குறிப்பிட்டது. டு பாய்ஸ் பரிவோடு மறுமொழி எழுதினார். மறு ஆண்டு அவர் தொகுத்த விரிவான மனு ஐ.நா.விடம் அளிக்கப்பட்டது.

அணு ஆயுத எதிர்ப்பில் ஈடுபட்டதற்காக 1951 இல், தம் 83 ஆம் வயதில், அந்நிய நாட்டு முகவர் என்று குற்றஞ்சாட்டப்பட்டு விடுதலையானார். பிறகும் கடவுச்சீட்டை அரசு பல ஆண்டுகள் மறுத்தது. 1961 இல் கானாவுக்குச் சென்று, பின்னர் அந்நாட்டின் குடிமகனாகி, 1963 ஆகஸ்ட் 27 அன்று அக்ராவில் காலமானார். மறுநாள் வாஷிங்டன் பேரணியின் மேடையில் அச்செய்தி அறிவிக்கப்பட்டது.

நகர்ப்புறச் சமூகவியல் 1920களின் சிகாகோவில் பிறந்ததாகவே பாடநூல்கள் நெடுங்காலம் சொல்லிவந்தன. பென்சில்வேனியா பல்கலைக்கழகம் அவருக்குப் பேராசிரியர் என்ற கௌரவப் பட்டத்தை வழங்கியது 2012 இல். அவர் கதவு தட்டி நடந்த தெருக்களின் பெரும்பகுதி அதற்குள் வசதி படைத்தோர் வாழும் பகுதியாக மாறிவிட்டிருந்தது.