கொல்லிமலையின் அன்னை

சேந்தமங்கலத்துச் சமவெளியில் நின்று கிழக்கே நோக்கினால் மேகம் தவழும் கொல்லிமலை தோன்றும். வள்ளல் வல்வில் ஓரி ஆண்ட அம்மலை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலைக்காய்ச்சலால் பிறர் அணுக அஞ்சும் இடமாக இருந்தது. அதனைத் தம் இல்லமாக ஏற்றவர் எவ்லின் பிராண்ட் அம்மையார்.

1879இல் இலண்டனில் செல்வக் குடும்பத்தில் பிறந்த அவர் ஓவியம் பயின்றவர். முப்பது வயதைக் கடந்தபின் கிறித்தவத் தொண்டராகத் தமிழகம் வந்தார். 1913இல் சேந்தமங்கலத்தில் ஜெஸ்ஸி பிராண்டை மணந்து, அவருடன் மலையேறினார். இருவரும் நோயாளிகளுக்கு மருந்தளித்தனர், பள்ளி நடத்தினர். ஆயினும், ஊர்ப் பூசாரி ஒருவரின் எதிர்ப்பால் மக்கள் அவர்களை நெருங்கத் தயங்கினர்.

1918இல் உலகெங்கும் பரவிய இன்ஃபுளுவென்சா கொள்ளைநோய் மலையையும் தாக்கியது. தொற்றுக்கு அஞ்சி உற்றாரும் விலகிய நேரத்தில், இவ்விருவரும் அரிசிக் கஞ்சியைச் சுமந்து சென்று நோயாளிகளுக்கு ஊட்டினர். எதிர்த்து நின்ற பூசாரியும் அவர் மனைவியும் நோயில் வீழ்ந்தனர். இறக்கும் தறுவாயில் பூசாரி, தம் கைக்குழந்தையை வளர்க்கும் பொறுப்பை அவர்களிடமே ஒப்படைத்தார்.

அதன்பின் மக்களின் ஐயம் அகன்றது. ஆதரவற்ற பிற குழந்தைகளும் அடைக்கலம் வந்தனர். மழலைக்குப் பால் புகட்டுதல், சிறுவர்க்கு எழுத்தறிவித்தல், காய்ச்சல் கண்ட பிள்ளையின் அருகே விழித்திருத்தல் என அம்மையாரின் நாள்கள் கழிந்தன. அவருடைய மகன் பால், பலாமரக் கிளையில் அமர்ந்து பாடம் படித்து வளர்ந்தான்.

1923இல் தம் மக்கள் பால், கோனி இருவரையும் கல்விக்காக இங்கிலாந்தில் உறவினரிடம் விட்டுவிட்டு, பெற்றோர் கொல்லிமலைக்குத் திரும்பினர். பிறர் பிள்ளைகளைக் காக்கத் தம் பிள்ளைகளைப் பிரிந்தனர். தந்தையை அப்பிள்ளைகள் மீண்டும் காணவேயில்லை. 1929இல் ஜெஸ்ஸி காய்ச்சலால் மறைந்தார். இறப்புச் செய்தி தந்தியில் விரைந்து சென்றது. அவர் முன்னரே எழுதிய கடிதங்களோ கப்பல்வழி அதன்பின்னும் மகனை வந்தடைந்தன.

அம்மகனே பின்னாளில் மருத்துவராகி, 1946இல் வேலூருக்கு வந்து, தொழுநோயால் முடங்கிய கைகளை அறுவை மருத்துவத்தால் இயங்கச் செய்தார். அம்மையாரோ எழுபதை நெருங்கிய வயதில் பணி ஓய்வு பெற்றதும், ஓய்வை நாடாது மீண்டும் மலையேறினார். மூங்கில் கோல்களை ஊன்றி ஊர்தோறும் நடந்தார். 1974இல், தொண்ணூற்றைந்தாம் வயதில் மறைந்த அவர், கொல்லிமலையில் கணவரின் கல்லறைக்கு அருகில் அடக்கம் செய்யப்பட்டார்.

பெற்றால்தான் பிள்ளையா என்பர். அவ்வினாவுக்குத் தம் வாழ்வையே விடையாகத் தந்தவர் எவ்லின் அம்மையார்.