ஈடு கேட்காத நூலகங்கள்: யாகூத் அல்-ஹமவீ (ரஹ்)

இஸ்லாமிய உலகின் பழைய ஊர் எதையாவது பற்றி ஆராயப் புறப்படும் எவரும் ஒரு கட்டத்தில் முஃஜமுல் புல்தான் என்ற நூலைத் திறந்தே ஆகவேண்டும். ஊர்கள், மலைகள், ஆறுகள், தீவுகள், சந்தைகள் ஆகியவற்றின் பெயர்களை அகர வரிசையில் தரும் பெரும் அகராதி அது. ஒவ்வொரு பெயரையும் எப்படி உச்சரிப்பது, அந்த இடம் எங்கே இருக்கிறது, அங்கே தோன்றிய உலமாக்கள் யார் யார் என்றெல்லாம் அதில் காணலாம். இத்தனையையும் தொகுத்தவர் உலமாக்கள் குடும்பத்தில் பிறந்தவர் அல்லர். அடிமைச் சந்தையில் விலைபோன ஒரு சிறுவன். அவருக்குக் கல்வியைத் திறந்துவிட்டவை வக்ஃபு நூலகங்கள், அதிலும் முக்கியமாக மர்வ் நகரத்து நூலகங்கள்.

யாகூத் ஹிஜ்ரி 574 அல்லது 575இல், அதாவது கி.பி. 1179 வாக்கில், ரோம் என்று அரபுகள் அழைத்த பைஸாந்திய மண்ணைச் சேர்ந்த பெற்றோருக்குப் பிறந்தார். சிறு வயதிலேயே சிறைபிடிக்கப்பட்டு பக்தாதுக்குக் கொண்டுவரப்பட்டார். யாகூத் என்றால் மாணிக்கம். அடிமைகளுக்கு விலையுயர்ந்த கற்கள், வாசனைப் பொருள்களின் பெயரைச் சூட்டுவது அந்தக் காலத்து வழக்கம். அழகான பெயர்தான், ஆனால் கேட்டவுடன் இவர் அடிமையாக இருந்தவர் என்று காட்டிக்கொடுத்துவிடும் பெயர். பிற்காலத்தில் புகழ் வந்தபோது யஃகூப் என்று மாற்றிக்கொண்டு பார்த்தார். யாரும் அப்படி அழைக்கவில்லை.

அவரை விலைக்கு வாங்கிய அஸ்கர் என்பவர் ஹமா ஊரைப் பூர்வீகமாகக் கொண்டு பக்தாதில் குடியிருந்த வியாபாரி. ஹமவீ என்ற பட்டம் அவர் வழியாக வந்ததே. அஸ்கருக்கு வியாபாரம் தவிர வேறெதுவும் தெரியாது, எழுத்தும் சரியாக வராது. கணக்கு வழக்கைப் பார்க்க எழுதப் படிக்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்பதற்காகவே பையனை மக்தபுக்கு அனுப்பினார். நோக்கம் கடைக் கணக்குதான் என்றாலும், அந்த மக்தபிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது. கொஞ்சம் வளர்ந்ததும் எஜமானரின் சரக்குகளோடு வளைகுடாவில் உள்ள கீஷ் தீவுக்கும், ஓமானுக்கும், ஷாம் நாட்டுக்கும் போய் வந்தார். போன இடமெல்லாம் ஊர்ப் பெயர்களைக் காதில் வாங்கிக்கொண்டே திரிந்தார்.

ஹிஜ்ரி 596இல் இருவருக்கும் மனத்தாங்கல் ஏற்பட, அஸ்கர் அவரை விடுதலை செய்து அனுப்பிவிட்டார். 20 வயதைக் கடந்திருந்த யாகூத் கூலிக்குக் கிதாபுகளை நகலெடுத்து வயிற்றைக் கழுவினார். அச்சு இல்லாத காலம். ஒரு நூல் வேண்டுமென்றால் ஒருவர் உட்கார்ந்து முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை எழுதியாக வேண்டும். மற்றவர்களுக்குக் கை வலிக்கும் வேலை அது. யாகூத் எழுதிய ஒவ்வொரு பக்கத்தையும் படித்தார். பக்தாதில் அவருடைய கல்வியின் பெரும்பகுதி இப்படிக் கூலியோடு கூலியாகக் கிடைத்தது என்பது நம் எண்ணம்.

சில காலம் கழித்து அஸ்கர் மனம் இளகி, சரக்கும் பணமும் கொடுத்து மீண்டும் கீஷ் தீவுக்கு அனுப்பினார். திரும்பி வந்தபோது அஸ்கர் வஃபாத்தாகியிருந்தார். கையில் இருந்த பணத்திலிருந்து அவருடைய மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் அவர்கள் மனநிறைவு அடையும் அளவுக்குக் கொடுத்துவிட்டு, எஞ்சியதை முதலாக வைத்துச் சொந்த வியாபாரம் தொடங்கினார். அவர் விற்ற சரக்குகளில் கிதாபுகளும் உண்டு.

ஹிஜ்ரி 613இல் திமிஷ்கில் ஒரு விபரீதம் நடந்தது. காரிஜிய்யாக்களின் நூல்கள் சிலவற்றைப் படித்திருந்த யாகூத்தின் மனத்தில் அலீ (ரலி) அவர்களைக் குறித்துத் தவறான எண்ணம் ஒட்டிக்கொண்டிருந்தது. கடைத்தெருவில் ஒருவரோடு நடந்த வாக்குவாதத்தில் அது வெளிப்பட்டுவிட, மக்கள் கொதித்தெழுந்தார்கள். உயிர் பிழைக்க ஊரைவிட்டு ஓட வேண்டியதாயிற்று. ஹலப், மௌஸில், இர்பில் என்று நகர்ந்து கடைசியில் குராஸான் போய்ச் சேர்ந்தார். சிலர் இந்தச் சம்பவத்தைத் தொடாமல் கடந்துவிடுவார்கள். நாம் மறைக்கத் தேவையில்லை. வழிகாட்ட ஓர் ஆசிரியர் பக்கத்தில் இல்லாமல் கைக்குக் கிடைத்ததையெல்லாம் படித்து வளர்ந்தவரின் வாழ்க்கையில் இதுவும் ஒரு பகுதி.

குராஸானில் அவர் தங்கிய ஊர்தான் மர்வ். இன்றைய துர்க்மெனிஸ்தானில் மாரி நகரத்தருகே அதன் இடிபாடுகள் இருக்கின்றன. ஸல்ஜூக் சுல்தான் ஸன்ஜரின் தலைநகரமாக இருந்த ஊர். ஸன்ஜரின் அடக்கவிடத்தின் நீலக் குவிமாடம் ஒருநாள் பயணத் தொலைவிலேயே கண்ணுக்குத் தெரியும் என்று யாகூத் குறித்து வைத்திருக்கிறார். ஆனால் அவரைப் பிடித்து நிறுத்தியது குவிமாடம் அல்ல. அந்த ஒரே நகரத்தில் வக்ஃபு செய்யப்பட்ட நூலகங்கள் 10 இருந்தன.

ஜும்ஆ பள்ளிவாசலில் மட்டும் இரண்டு. அவற்றில் ஒன்றின் பெயர் அஸீஸிய்யா. ஏறத்தாழ 12,000 நூல்கள் அதில் இருந்தன. அதை வக்ஃபு செய்த அஸீஸுத்தீன் என்பவர் மன்னரோ அமைச்சரோ அல்லர். மர்வ் கடைத்தெருவில் பழமும் வாசனைச் செடியும் விற்று வாழ்க்கையைத் தொடங்கியவர். பிறகு ஸன்ஜரின் அரண்மனையில் பானங்கள் தயாரிக்கும் பொறுப்புக்கு வந்து, சுல்தானிடம் செல்வாக்குப் பெற்று, சம்பாதித்ததில் இப்படி ஒரு நூலகத்தை ஊருக்குக் கொடுத்தார். வக்ஃபு என்றதும் நமக்குப் பள்ளிவாசலும் கபர்ஸ்தானும் தோப்பும் கடை வாடகையும்தான் நினைவுக்கு வருகின்றன. பழக்கடைக்காரர் ஒருவருக்கு 12,000 கிதாபுகள் நினைவுக்கு வந்திருக்கின்றன.

பள்ளிவாசலின் மற்றொரு நூலகம் கமாலிய்யா. நிஜாமுல் முல்கின் மத்ரஸாவில் ஒன்று, கணக்கு அமைச்சராக இருந்த ஷரஃபுல் முல்கின் மத்ரஸாவில் ஒன்று, ஹதீஸ் கலையில் தலைமுறை தலைமுறையாகப் பெயர்பெற்ற ஸம்ஆனீ குடும்பத்தாருக்கு இரண்டு, ஒரு சீமாட்டியின் மத்ரஸாவில் காத்தூனிய்யா, ஒரு கான்காவில் லுமைரிய்யா என்று பட்டியல் போகிறது.

நாம் நின்று கவனிக்க வேண்டியது நூல்களின் எண்ணிக்கையைவிட அவற்றை அவர்கள் கொடுத்த விதம். ஒரு நூலை எழுத மாதக்கணக்கில் ஆகும் காலத்தில் நூலகத்தார் எவ்வளவு கெட்டியாகப் பிடித்து வைத்திருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். இரவல் கேட்டால் பொருளோ பணமோ ஈடாக வைக்கச் சொல்வது சாதாரணமாக நடப்பதுதான். மர்வில் யாகூத்தின் தங்குமிடத்தில் எந்த நேரமும் 200 நூல்களுக்குக் குறையாமல் இருந்தன. அவற்றின் மதிப்பு 200 தீனார். பெரும்பாலானவற்றுக்கு ஈடு எதுவும் வாங்கிக்கொள்ளாமலேயே கொடுத்திருந்தார்கள். இரவல் வாங்கியவர் யார்? வெளியூர் வியாபாரி, விடுதலையான அடிமை, வேறோர் ஊரில் கலவரத்துக்குத் தப்பி வந்தவர். எடுத்துக்கொண்டு போனால் தேடிப் பிடிக்க வழியில்லை. ஆனாலும் கொடுத்தார்கள்.

சுமார் மூன்று ஆண்டுகள் அப்படிப் படித்தார். அந்த நூலகங்களின் மேல் கொண்ட பிரியத்தில் மற்ற ஊர்களெல்லாம் மறந்துபோய், மனைவி மக்கள் நினைவுகூடப் பின்னுக்குப் போய்விட்டதாக அவரே பதிவு செய்திருக்கிறார். வீட்டில் காத்திருந்தவர்கள் இதை எப்படி எடுத்துக்கொண்டிருப்பார்கள் என்பது வேறு விஷயம். மர்வில் அவர் கண்ட ஒரே குறை அங்குள்ளவர்களைப் பிடித்து ஆட்டிய நரம்புச் சிலந்திப் புழு நோய். ஆண்டுதோறும் அதற்குத் தப்பியவர்கள் கொஞ்சம் பேர்தான். அதையும் சகித்துக்கொண்டு, மவ்த் வரை அங்கேயே இருந்துவிடுவது என்றுதான் நினைத்திருந்தார்.

முஃஜமுல் புல்தானுக்கு வித்து விழுந்ததும் மர்வில்தான். ஹிஜ்ரி 615இல் ஸம்ஆனீ குடும்பத்து அறிஞர் அப்துர் ரஹீமின் மஜ்லிஸில் ஒரு கேள்வி வந்தது. இஸ்லாத்துக்கு முந்திய அரபுகளின் சந்தை ஒன்றின் பெயர் ஹதீஸில் வருகிறதே, அதை எப்படி உச்சரிப்பது? சொல்லின் வேரை வைத்து ஹுபாஷா என்றார் யாகூத். ஹதீஸ் அறிஞர் ஒருவர் இல்லை, ஹபாஷா என்று அடித்துச் சொன்னார். வாதத்தால் அவரை அசைக்க முடியவில்லை. சரி, ஆதாரத்தைக் காட்டுவோம் என்று யாகூத் நூலகங்களுக்குப் போனார். ஹதீஸ் விளக்கங்களையும் சொல் அகராதிகளையும் புரட்டினார். கிதாபுகள் குவிந்து கிடந்த அந்த ஊரிலேயே தேடியது உடனே அகப்படவில்லை. சர்ச்சை ஓய்ந்து, எல்லோரும் நம்பிக்கை இழந்த பிறகுதான் கிடைத்தது. அவர் சொன்னதே சரியாக இருந்தது.

ஓர் உயிர்க்குறிக்காக இவ்வளவு அலைச்சலா என்று நம் பிள்ளைகள் கேட்கலாம். பெயர் பிசகினால் ஊர் மாறிவிடும், ஊர் மாறினால் ஹதீஸ் அறிவிப்பாளரே வேறொருவர் ஆகிவிடுவார். ஓர் ஊர் போரினால் வந்ததா உடன்படிக்கையினால் வந்ததா என்பதை வைத்து அதன் நிலவரிச் சட்டம் மாறும் என்பதால் ஃபிக்ஹு அறிஞர்களுக்கும் இது தேவை. எல்லாப் பெயர்களையும் உச்சரிப்போடு ஓரிடத்தில் சேர்க்கும் நூல் ஒன்று வேண்டும் என்ற எண்ணம் அப்போதுதான் அவருக்கு உறுதிப்பட்டது.

ஹிஜ்ரி 616இல் யாகூத் மர்விலிருந்து புறப்பட்டபோது நகரம் நல்ல செழிப்போடு இருந்தது. குவாரிஸ்ம் போனார். ஜைஹூன் ஆறு உறைந்து கிடந்த குளிர்காலம் அது. அதற்குள் தாத்தாரியர்கள், அதாவது செங்கிஸ்கானின் மங்கோலியப் படைகள், நெருங்கிவிட்டன. சேர்த்தவற்றைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு மேற்கு நோக்கி ஓடினார். வழியெல்லாம் பசியும் பயமும். உடுத்த நல்ல துணிகூட இல்லாத நிலையில் ஹிஜ்ரி 617இல் மௌஸில் வந்து சேர்ந்தார். அங்கிருந்து ஹலபில் இருந்த இப்னுல் கிஃப்தீ என்ற அறிஞருக்குத் தாம் கண்ட கொடுமைகளையெல்லாம் விவரித்து நீண்ட கடிதம் எழுதினார். வரலாற்றாசிரியர் இப்னு கல்லிகான் அந்தக் கடிதத்தைத் தம் நூலில் முழுமையாகப் பாதுகாத்துத் தந்திருக்கிறார்.

கி.பி. 1221இல் செங்கிஸ்கானின் மகன் தூலூயின் படை மர்வுக்குள் நுழைந்தது. கொல்லப்பட்டவர்கள் என்று வரலாற்று நூல்கள் தரும் எண்ணிக்கைகள் நம்ப முடியாத அளவுக்குப் பெரியவை. எவ்வளவு குறைத்துக் கணக்கிட்டாலும் அந்த நகரம் தன் பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை. பத்து நூலகங்களும் போயின. 200 கிதாபுகளை ஈடின்றி எடுத்துக் கொடுத்த அந்த நூலகப் பொறுப்பாளர்களின் பெயர்கூட நமக்கு எஞ்சவில்லை.

அங்கே படித்தது மட்டும் யாகூத்திடம் இருந்தது. இப்னுல் கிஃப்தீ கிதாபுகளுக்காகவே வாழ்ந்தவர், திருமணம்கூடச் செய்துகொள்ளாதவர். அவருடைய ஆதரவில் ஹலபில் எழுத உட்கார்ந்தார். ஹிஜ்ரி 621 ஸஃபர் மாதம் 20ஆம் நாள் (கி.பி. 1224 மார்ச்) முதற்படியை முடித்து, நூலை அவருக்கே அர்ப்பணித்தார். அதிலுள்ள செய்திகளில் பெரும்பகுதி மர்வ் நூலகங்களில் சேர்த்தவை என்று ஒளிக்காமல் எழுதினார். மர்வ் பற்றிய பகுதியில் அந்த நூலகங்களின் பெயர்களையும் வக்ஃபு செய்தவர்களின் பெயர்களையும் வரிசையாகக் குறித்து வைத்தார். பழம் விற்ற அஸீஸுத்தீனைப் பற்றி இன்று நாம் பேச முடிவது இந்தக் குறிப்பினால்தான்.

நம் பக்கத்து ஊர்களும் அதில் இல்லாமல் இல்லை. உலகமெங்கும் போகும் மிளகு விளையும் நாடாக மலபார் வருகிறது. ஆதம் (அலை) இறங்கிய மலையுள்ள தீவாக ஸரந்தீப், அதாவது இலங்கை வருகிறது. வோல்கா நதிக்கரைக்குத் தூது சென்ற இப்னு ஃபள்லானின் பயணக் குறிப்புகளையும் தம் நூலில் ஆங்காங்கே எடுத்து எழுதியிருந்தார். 1923இல் மஷ்ஹத் நகரில் அதன் கையெழுத்துப் படி கிடைக்கும் வரை, உலகம் அந்தப் பயணத்தைப் பெரும்பாலும் யாகூத் வழியாகத்தான் அறிந்திருந்தது. முஃஜமுல் புல்தானைச் சுருக்கித் தரும்படி சிலர் கேட்டபோது அவர் மறுத்தார், பின்னால் வருபவர்களும் சுருக்க வேண்டாம் என்று முன்னுரையிலேயே கேட்டுக்கொண்டார். அடுத்த நூற்றாண்டிலேயே ஒருவர் சுருக்கிவிட்டார்.

செம்மைப்படி எழுதத் தொடங்கிய மறு ஆண்டு, ஹிஜ்ரி 626 ரமளான் மாதம் 20ஆம் நாள் (கி.பி. 1229 ஆகஸ்ட்), ஹலபுக்கு வெளியே இருந்த ஒரு பயணியர் விடுதியில் யாகூத் வஃபாத்தானார். வயது 50ஐ ஒட்டி இருந்திருக்கும். இப்னு கல்லிகான் படிப்பதற்காக ஹலப் வந்து சேர்ந்தது துல்கஃதா மாதத் தொடக்கத்தில். சுமார் 40 நாள் பிந்திவிட்டார். ஊரார் யாகூத்தைப் புகழ்ந்து பேசிக்கொண்டிருந்ததைத்தான் அவரால் கேட்க முடிந்தது.

யாகூத் தம்மிடமிருந்த கிதாபுகளை பக்தாதில் தர்ப் தீனார் தெருவிலிருந்த ஸைதீ பள்ளிவாசலுக்கு வக்ஃபு செய்திருந்தார். அவற்றை ஒப்படைத்தது வரலாற்றாசிரியர் இப்னுல் அதீரிடம். மங்கோலியர் செய்த அழிவை எழுதக் கை வராமல் பல ஆண்டுகள் தயங்கிய அதே இப்னுல் அதீர், அந்த நூல்களைச் சுமந்துபோய் பக்தாதில் சேர்த்தார்.