ஓரியூர்ச் செம்மண் கற்பித்த பாடம்

சென்ற ஆண்டு நம் பள்ளியிலிருந்து ஓரியூருக்குத் திருப்பயணம் சென்றது நினைவிருக்கிறதா? செபித்து முடித்ததும் நாம் ஒவ்வொருவரும் ஒரு பிடிச் செம்மண்ணை எடுத்துக் காகிதத்தில் பத்திரமாக மடித்துக்கொண்டோம். பேருந்தில் ஏறிய பிறகுதான் திரும்பிப் பார்த்தோம். நாம் அமர்ந்து உண்ட இடமெங்கும் பிளாஸ்டிக் உறைகளும் தண்ணீர்ப் பைகளும் காற்றில் பறந்துகொண்டிருந்தன. புனிதம் என்று எண்ணி எடுத்துவந்த அதே மண்ணில் நாம் விட்டுவந்தது குப்பையை! அந்த வெட்கமே இக்கட்டுரையை எழுத நம்மைத் தூண்டியது.

அந்த மண்ணுக்குப் பெருமை தந்தவர் புனித அருளானந்தர். ஜான் தெ பிரிட்டோ என்பது இவர் இயற்பெயர். 1647ஆம் ஆண்டு மார்ச் 1ஆம் நாள் போர்த்துக்கல் நாட்டின் தலைநகரான லிஸ்பனில் உயர்குடியில் பிறந்தார். சிறுவயதிலேயே அரண்மனையில் இளவரசர் பேதுருவின் தோழராக வளர்ந்தார். பட்டும் வெள்ளித் தட்டும் அவருக்கு அன்றாடப் பொருள்கள். ஒருமுறை கடும் நோயுற்றபோது, மகன் பிழைத்தால் ஓராண்டு சேசு சபையினரின் உடையை அணிவிப்பதாக அவர் தாய் புனித சவேரியாரிடம் நேர்ந்துகொண்டார். பிழைத்த சிறுவன் அந்த எளிய அங்கியையே விரும்பத் தொடங்கினான். 1662இல், 15 வயதில், சேசு சபையில் சேர்ந்தார். 1673இல் குருவாகி இந்தியாவுக்குக் கப்பலேறினார்.

மதுரை மறைப்பணித்தளத்துக்கு வந்த அருளானந்தர், பண்டார சுவாமியாக வாழ்ந்தார். சாதிப் பிரிவினைகள் இறுகியிருந்த அக்காலத்தில் எல்லா மக்களிடமும் சென்று பழக இக்கோலம் வழி செய்தது. காவி உடை உடுத்தினார். இறைச்சியும் மீனும் மதுவும் நீக்கினார். சோறும் காய்கறியுமே அவர் உணவு. வெறுந்தரையே படுக்கை. மறவர் நாட்டின் வெயிலிலும் முட்காட்டிலும் ஊர் ஊராக நடந்தார். இந்த மண்ணில் விளைந்ததை உண்டு, இம்மக்களைப் போலவே வாழ்ந்தார்.

1686இல் அவரைப் பிடித்துக் கொடுமையாக வதைத்தார்கள். பின்னர் மறவர் நாட்டில் போதிக்கக்கூடாது என்ற ஆணையுடன் விடுவித்தார்கள். அடுத்த ஆண்டு சபைப் பணிக்காக லிஸ்பன் சென்றார். இளமைத் தோழர் பேதுரு அப்போது அரசர். அவர் அருளானந்தரைத் தம்முடனேயே இருத்திக்கொள்ள விரும்பினார். பழைய சுகங்கள் எல்லாம் கையெட்டும் தூரத்தில் இருந்தன. ஆனால் அருளானந்தர் அங்கும் காய்கறி உணவையே உண்டார், தரையிலேயே படுத்தார். யாரும் கட்டாயப்படுத்தாத இடத்திலும் மாறாததல்லவா உண்மையான பழக்கம்! 1690இல் மீண்டும் இந்தியா வந்து சேர்ந்தார்.

மறவர் நாட்டுத் தலைவருள் ஒருவரான தடியத்தேவர் நோய் நீங்கித் திருமுழுக்குப் பெற்றார். ஒரே மனைவியுடன் வாழ முடிவு செய்தார். விலக்கப்பட்ட மனைவியருள் ஒருவர் அரச குடும்பத்தைச் சேர்ந்தவர். அவருடைய முறையீட்டின்பேரில் இரகுநாத கிழவன் சேதுபதியின் ஆட்சியில் அருளானந்தர் சிறைப்பட்டு ஓரியூருக்கு அனுப்பப்பட்டார். சாவுக்கு முந்திய நாள் தம் சபையினருக்குக் கடிதம் எழுத அவரிடம் மை இல்லை. கரியைத் தண்ணீரில் குழைத்து, ஒரு துரும்பைப் பேனாவாக்கி எழுதினார். 1693 பிப்ரவரி 4ஆம் நாள் அவர் தலை வெட்டப்பட்டது. 1947இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார்.

அருளானந்தர் சுற்றுச்சூழலைக் காப்பதற்காக இப்படி வாழவில்லை. மக்களுக்காகவும் இறைவனுக்காகவும் வாழ்ந்தார். ஆயினும் அவர் நடந்துபோன வழியில் மக்காத பொருள் ஒன்றும் எஞ்சவில்லை. நாமோ அரைநாள் பயணத்தில் அந்த மண்ணில் விட்டது பல தலைமுறைக்கும் மக்காது. மழை பெய்தால் அது பாம்பாற்றில் இறங்கிப் பாக் நீரிணையைச் சேரும். கடலாமை பிளாஸ்டிக் பையை ஜெல்லி மீன் என்று எண்ணி விழுங்கும். நம் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986 முதல் தேசியப் பூங்காவாகக் காக்கப்படுகின்றன. பாக் விரிகுடாவில் கடற்பசுவுக்காக 2022இல் காப்பகமும் அமைந்தது. 2019 ஜனவரி 1 முதல் தமிழகத்தில் ஒருமுறை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றுக்குத் தடையும் உண்டு. சட்டம் இருந்தென்ன? நம் கை பழகவேண்டாமா?

ஆகவே தோழியரே, பெரிய தவம் ஒன்றும் வேண்டாம். கடைக்குத் துணிப்பை கொண்டுபோவோம். பள்ளிக்கு எவர்சில்வர் டப்பாவிலும் பாட்டிலிலும் உணவும் நீரும் எடுத்துவருவோம். விழா நாளில் இனிப்பைப் பனையோலைக் கொட்டானில் கொடுப்போம். பின்னிய நம் ஊர்ப் பெண்களுக்கும் கூலி கிடைக்கும். எழுதித் தீர்ந்ததும் எறியும் பேனாவை விட்டு, மை ஊற்றும் பேனாவைப் பிடிப்போம். குடம் தண்ணீருக்காக நம் அன்னையர் காத்திருக்கும் மாவட்டம் இது. பாத்திரம் அலம்பிய நீரை வாழைக்கும் முருங்கைக்கும் ஊற்றுவோம். பெற்றோரே, வீட்டில் நாங்கள் இதைச் சொல்லும்போது சிரிக்காமல் துணை நில்லுங்கள்.

அடுத்த முறை ஓரியூர் செல்லும்போது, ஒரு பிடி மண்ணை எடுத்துக்கொள்வோம். பதிலுக்கு அங்கே நம் காலடித் தடத்தை மட்டுமே விட்டு வருவோம்.