ஹெல்ம்ஹோல்ட்ஸ்

கண்ணாற் கண்டதே மெய்யென்பது உலக வழக்கு. அக்காட்சியும் ஒருவகை அனுமானமே என்று நிலைநாட்ட முயன்றவர் ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்னும் ஜெர்மானியப் பேரறிஞர்.

இவர் 1821-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 31-ம் நாள் பொட்ஸ்டாம் நகரிற் பிறந்தார். தந்தையார் பள்ளியாசிரியர். மைந்தரின் உள்ளம் பௌதிக சாஸ்திரத்தை நாடிற்று. குடும்பத்தின் பொருள்நிலையோ அதற்கு இடந்தரவில்லை. ஆதலின், பின்னர்ப் படையிற் பணிபுரிய உடன்பட்டு, பெர்லினில் அரசினர் உதவியால் வைத்தியம் பயின்றார். படை வைத்தியராயிருந்த காலத்திலேயே, 1847-ல், சக்திக்கு அழிவில்லை என்னும் கொள்கையை விளக்கி நூல் வெளியிட்டார்.

நரம்பின் வழியே செய்தி செல்லும் வேகம் அளத்தற்கரியதென்று இவர்தம் ஆசிரியர் யொஹான்னஸ் முல்லர் கருதியிருந்தார். மாணவரோ, 1850-ல், தவளையின் நரம்பைக்கொண்டு அதனை அளந்து, விநாடிக்கு ஏறக்குறைய 27 மீட்டரே எனக் கண்டார். எனவே, புறவுலகச் செய்தி மூளையை அடையச் சிறிது காலம் செல்கின்றதென்பது புலனாயிற்று.

1856 முதல் 1867 வரை பகுதி பகுதியாக வெளிவந்த பார்வை பற்றிய பெருநூலில் இவர் மேலும் ஆராய்ந்தார். புலன்கள் நமக்குத் தருவன பொருள்களல்ல, அவற்றின் அடையாளங்களே. புகையைக் கண்டு நெருப்பை உணர்வதுபோல, மனமானது முன்னைப் பழக்கங்கொண்டு, அவ்வடையாளத்திற்குக் காரணம் இன்னதென்று நாம் அறியாமலே துணிகின்றது. இருளில் விழியின் வெளிக்கடையை மெல்ல அழுத்தினால், மூக்கின் பக்கமாக ஓர் ஒளி தோன்றும். விழித்திரையின் அப்பகுதியை ஒளி எந்நாளும் அத்திசையினின்றே வந்து தாக்குதலால், மனம் அவ்வாறே துணிகின்றது. பொய்யென்று அறிந்தபின்னும் அத்தோற்றம் நீங்குவதில்லை.

ஆயினும் பிழை திருந்தும். முப்பட்டைக் கண்ணாடி அணிந்தவன் கை முதலிற் பொருளைத் தவறும். சிறிது பழகியபின் சரியாகப் பற்றும். கண்ணாடியைக் கழற்றியவுடன் மறுபக்கமாகத் தவறும்! பிழையே மூளைக்கு ஆசானாயிற்று.

இடவுணர்ச்சி பிறவியிலேயே அமைந்ததென்று எவால்ட் ஹெரிங் என்பார் இவரை எதிர்த்தார். அவ்வாதம் நெடுங்காலம் நடந்தது. எனினும், மூளை வருவதை முன்னரே எதிர்நோக்கி, பிழை கண்டவிடத்துத் தன்னைத் திருத்திக்கொள்கின்றதென்னும் இக்காலக் கொள்கைக்கு இவர் கருத்தே முன்னோடியாகும். 1995-ல் அறிஞர் சிலர், தானே கற்கும் கணிப்பொறி முறையொன்றுக்கு இவர் பெயரைச் சூட்டினர்.

1891-ல் தம் எழுபதாம் ஆண்டு விழாவில், தம்மை வழியறியாது மலையேறுபவனுக்கு ஒப்பிட்டார் இவர். பன்முறை தவறித் திரும்பியே சிகரம் அடைந்ததாகவும், நேரான பாதை அங்கிருந்து நோக்கியபோதே தெரிந்ததாகவும் கூறினார். 1894-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் 8-ம் நாள் மறைந்தார். கண்ணின் இயல்பென்று அவர் கண்டதே அவர்தம் வாழ்வின் இயல்புமாயிற்று. பிழைக்கு அஞ்சும் மாணவர் இதனைச் சிந்திப்பாராக.