பில்லி மெரெடித்

பில்லி மெரெடித் (ஜூலை 30, 1874 - ஏப்ரல் 19, 1958) வேல்ஸ் நாட்டைச் சேர்ந்த புகழ்பெற்ற காற்பந்தாட்ட வீரர் ஆவார். இவரது முழுப்பெயர் வில்லியம் ஹென்றி மெரெடித். மான்செஸ்டர் சிட்டி, மான்செஸ்டர் யுனைட்டெட் ஆகிய இரு கழகங்களிலும் வலது ஓரத் தாக்குநராக விளையாடினார். இரசிகர்கள் இவரை வேல்ஸ் மாயாவி என்று அழைத்தனர். ஆடுகளத்தில் வாயில் பல்குச்சியைக் கடித்தபடியே விளையாடுவது இவரது வழக்கம். பிரித்தானியக் காற்பந்தின் முதல் பெரும் நட்சத்திரங்களுள் ஒருவராகக் கருதப்படும் இவர், வீரர்களின் ஊதியத்துக்காகவும் கழகம் மாறும் உரிமைக்காகவும் தொழிற்சங்கம் அமைத்துப் போராடியவர்களுள் முதன்மையானவர்.

பிறப்பும் இளமையும்

மெரெடித் வேல்ஸின் வடகிழக்கே, இங்கிலாந்து எல்லையை ஒட்டிய சர்க் என்னும் ஊரின் அருகிலுள்ள பிளாக் பார்க் என்ற சுரங்கச் சிற்றூரில் பிறந்தார். 12ஆம் அகவையிலேயே நிலக்கரிச் சுரங்கத்தில் வேலைக்குச் சேர்ந்தார். சுரங்கத்தினுள் கரி வண்டிகளை இழுக்கும் மட்டக்குதிரைகளை ஓட்டுவதே இவரது முதல் வேலை. சர்க் பள்ளி ஆசிரியரான டி. ஈ. தாமஸ் காற்பந்தில் பேரார்வம் கொண்டவர். அவரிடம் ஆட்டம் பயின்று வேல்ஸ் அணிக்குச் சென்றவர் பலர். மெரெடித்தும் அவர்களுள் ஒருவர். 1894இல் வேல்ஸ் கோப்பையை வென்ற சர்க் அணியில் இவர் இடம்பெற்றிருந்தார். அதே காலத்தில் நார்த்விச் விக்டோரியா கழகத்துக்காக இரண்டாம் பிரிவு லீக் ஆட்டங்களிலும் விளையாடினார்.

மான்செஸ்டர் சிட்டியில்

1894 அக்டோபரில் மெரெடித் மான்செஸ்டர் சிட்டியில் சேர்ந்தார். ஆர்ட்விக் என்ற பழைய பெயரை அக்கழகம் அவ்வாண்டுதான் மாற்றியிருந்தது. காற்பந்தை ஒரு தொழிலாகக் கொள்வதை இவரது தாயார் விரும்பவில்லை. எனவே தொடக்கத்தில் ஊதியம் பெறாத வீரராகவே ஆடினார். 1895 ஜனவரியில் தொழில்முறை வீரரான பின்னரும் சில காலம் சுரங்க வேலையை விடவில்லை. வார நாட்களில் சுரங்கத்தில் உழைத்து, ஆட்ட நாளில் மான்செஸ்டருக்குப் பயணம் செய்தார்.

சொந்த மைதானத்தில் இவர் ஆடிய முதல் ஆட்டம் 1894 நவம்பரில் நியூட்டன் ஹீத் கழகத்துக்கு எதிராக நடந்தது. சிட்டி 2-5 என்று தோற்றது. அவ்விரு கோல்களையும் அடித்தவர் மெரெடித். அந்த நியூட்டன் ஹீத் கழகமே 1902இல் மான்செஸ்டர் யுனைட்டெட் எனப் பெயர் மாறியது. 1899இலும் 1903இலும் சிட்டி இரண்டாம் பிரிவை வென்று முதல் பிரிவுக்கு உயர்ந்தது. 1904 ஏப்ரல் 23 அன்று இலண்டன் கிரிஸ்டல் பேலஸ் மைதானத்தில் நடைபெற்ற எஃப். ஏ. கோப்பை இறுதியாட்டத்தில் போல்ட்டன் வாண்டரர்ஸ் அணியை 1-0 என்ற கணக்கில் வென்றது. அணித்தலைவராக ஆடிய மெரெடித்தே அந்தக் கோலை அடித்தார். அது சிட்டி வென்ற முதல் பெருங்கோப்பை ஆகும்.

அக்கால ஊதிய, மாற்ற விதிகள்

மெரெடித்தின் பிற்கால வாழ்க்கையைப் புரிந்துகொள்ள அக்காலத்தின் இரண்டு விதிகளை அறிதல் வேண்டும்.

முதலாவது, ஊதிய உச்சவரம்பு. 1901 முதல் எந்த வீரருக்கும் வாரத்துக்கு 4 பவுண்டுக்கு மேல் ஊதியம் தரலாகாது என்று இங்கிலாந்துக் காற்பந்துச் சங்கம் விதித்தது. வெற்றிக்கான ஊக்கத்தொகையும் தடை செய்யப்பட்டது. பல்லாயிரம் பேரை மைதானத்துக்கு வரவழைக்கும் வீரருக்கும் இதே வரம்புதான்.

இரண்டாவது, தக்கவைப்பு முறை. வீரர்கள் ஆண்டுதோறும் ஒப்பந்தம் செய்தனர். ஒப்பந்தக் காலம் முடிந்த பின்னரும் வீரரின் பதிவு கழகத்தின் கையிலேயே இருந்தது. கழகம் அவரைத் தக்கவைப்புப் பட்டியலில் சேர்த்துவிட்டால், அதன் இசைவின்றி அவர் வேறு லீக் கழகத்துக்கு ஆட இயலாது. இசைவு தருவதற்குக் கழகம் விலை கேட்கலாம். அதுவே மாற்றுக் கட்டணம். 1905 பிப்ரவரியில் ஆல்ஃப் காமன் என்ற வீரர் சண்டர்லாந்து கழகத்திலிருந்து மிடில்ஸ்பரோவுக்கு 1000 பவுண்டுக்கு மாற்றப்பட்டார். அத்தொகையை எட்டிய முதல் மாற்றம் அதுவே. இவ்வாறு கழகங்கள் ஒரு வீரருக்கு ஆயிரம் பவுண்டு கைமாற்றிக்கொள்ளலாம். வீரருக்கோ வாரம் 4 பவுண்டே. பல கழகங்கள் உச்சவரம்பை மீறி இரகசியமாகப் பணம் கொடுத்து வந்ததற்கு இதுவே காரணம்.

1905ஆம் ஆண்டு முறைகேடும் தடையும்

1904-05 பருவத்தின் கடைசி ஆட்டத்தில் ஆஸ்டன் வில்லாவை வென்றால் லீக் பட்டம் கிடைக்கும் வாய்ப்பு சிட்டிக்கு இருந்தது. ஆட்டம் முரட்டுத்தனமாக நடந்தது. சிட்டி 2-3 என்று தோற்றது. இதனை விசாரித்த காற்பந்துச் சங்கம், விட்டுக்கொடுத்து ஆடுவதற்காக வில்லா அணித்தலைவர் அலெக் லீக்குக்கு மெரெடித் 10 பவுண்டு கொடுக்க முன்வந்தார் என முடிவு செய்தது. 1906 ஏப்ரல் இறுதி வரை விளையாட இவருக்குத் தடை விதிக்கப்பட்டது.

மெரெடித் முதலில் குற்றச்சாட்டை மறுத்தார். தடைக் காலத்தில் ஊதியம் கேட்டபோது கழகம் கொடுக்க மறுத்தது. அதன் பின்னர் பணம் கொடுக்க முன்வந்ததை ஒப்புக்கொண்ட இவர், மேலாளர் டாம் மேலியின் தூண்டுதலாலேயே அவ்வாறு செய்ததாகக் கூறினார். உச்சவரம்பை மீறித் தமக்கு வாரம் 6 பவுண்டு வழங்கப்பட்டதையும் வெளிப்படுத்தினார்.

1906இல் சங்கம் கழகத்தின் கணக்குகளை ஆராய்ந்து கடுமையான தீர்ப்பை அளித்தது. 17 வீரர்கள் 1907 ஜனவரி 1 வரை தடை செய்யப்பட்டனர். அவர்கள் மீண்டும் சிட்டிக்காக ஆடலாகாது என்றும் அறிவிக்கப்பட்டது. மேலிக்குக் காலவரையற்ற தடை விதிக்கப்பட்டது. ஓர் அணியே ஒரே நாளில் கலைந்தது. சிட்டி தன் வீரர்களை மான்செஸ்டரில் உள்ள குயின்ஸ் விடுதியில் ஏலம் போல் பிற கழகங்களுக்கு விற்றது.

மான்செஸ்டர் யுனைட்டெட்டில்

யுனைட்டெட் மேலாளர் எர்னஸ்ட் மாங்னல், அந்த ஏலத்துக்கு முன்பே மெரெடித்தை ஒப்பந்தம் செய்திருந்தார். சிட்டியின் சாண்டி டர்ன்புல், ஹெர்பர்ட் பர்ஜஸ், ஜிம்மி பானிஸ்டர் ஆகியோரும் யுனைட்டெட்டுக்கே வந்தனர். தடை முடிந்த 1907 ஜனவரி 1 அன்றே, ஆஸ்டன் வில்லாவுக்கு எதிராக மெரெடித் களமிறங்கினார். இவர் கடத்திக் கொடுத்த பந்தை டர்ன்புல் கோலாக்க, யுனைட்டெட் 1-0 என்று வென்றது.

யுனைட்டெட் 1908இல் தன் முதல் லீக் பட்டத்தையும், 1909இல் முதல் எஃப். ஏ. கோப்பையையும், 1911இல் இரண்டாம் லீக் பட்டத்தையும் வென்றது. இம்மூன்று வெற்றிகளிலும் மெரெடித் முக்கியப் பங்காற்றினார்.

வீரர் சங்கம்

1907 ஏப்ரலில் யுனைட்டெட் வீரர் தாமஸ் பிளாக்ஸ்டாக் மாற்றணி ஆட்டம் ஒன்றில் பந்தைத் தலையால் முட்டிய பின் மயங்கி விழுந்து இறந்தார். அவரது குடும்பத்துக்கு இழப்பீடு கிடைக்கவில்லை. இது சக வீரர்களை வெகுவாகப் பாதித்தது. அவ்வாண்டு டிசம்பர் 2 அன்று மான்செஸ்டர் இம்பீரியல் விடுதியில் வீரர்கள் ஒன்றுகூடித் தங்கள் சங்கத்தைத் தொடங்கினர். கூட்டத்துக்கு மெரெடித் தலைமை தாங்கினார். யுனைட்டெட் அணித்தலைவர் சார்லி ராபர்ட்ஸ் இவருக்குத் துணை நின்றார். ஊதிய உச்சவரம்பையும் தக்கவைப்பு முறையையும் நீக்குவதும், காயமுற்ற வீரர்களுக்கு இழப்பீடு பெறுவதும் சங்கத்தின் குறிக்கோள்களாக இருந்தன.

சங்கம் தொழிற்சங்கக் கூட்டமைப்புடன் இணைய முயன்றபோது மோதல் முற்றியது. 1909இல் சங்கத்தை விட்டு விலகாத வீரர்களுக்குத் தடை விதிக்கப்படும் என்று காற்பந்துச் சங்கம் எச்சரித்தது. நாடெங்கும் பெரும்பாலானோர் விலகினர். யுனைட்டெட் வீரர்கள் விலக மறுத்தனர். கழகத்தின் வசதிகள் மறுக்கப்பட்ட நிலையில் தனியே பயிற்சி செய்த அவர்கள், தங்களுக்குத் தள்ளிவைக்கப்பட்டோர் அணி என்று பெயரிட்டுப் பலகையுடன் ஒளிப்படமும் எடுத்துக்கொண்டனர். பருவம் தொடங்குவதற்குச் சற்று முன்னர் உடன்பாடு எட்டப்பட்டது. வீரர் சங்கம் ஏற்கப்பட்டது. ஆனால் உச்சவரம்பும் தக்கவைப்பு முறையும் நீடித்தன. 1910இல் நீண்ட காலம் ஆடியவர்களுக்கு மட்டும் 5 பவுண்டு வரை ஊதியம் அனுமதிக்கப்பட்டது. 1912இல் தக்கவைப்பு முறைக்கு எதிராகக் கிங்காபி என்ற வீரருக்காகச் சங்கம் நடத்திய வழக்கும் தோல்வியடைந்தது.

மீண்டும் சிட்டியில்

முதல் உலகப் போரின்போது லீக் ஆட்டங்கள் நிறுத்தப்பட்டன. அக்காலத்தில் மெரெடித் சிட்டிக்காக விருந்தினர் வீரராக ஆடினார். போர் முடிந்ததும், பதிவு யுனைட்டெட்டிடமே இருந்ததால் அங்குத் திரும்ப வேண்டியிருந்தது. நாற்பத்தைந்து அகவை கடந்த தமக்கு யுனைட்டெட் விலை கேட்பதை இவர் எதிர்த்தார். கட்டணமற்ற மாற்றமே வேண்டும் என்று வற்புறுத்தினார். 1921இல் அது கிடைத்தது. தாம் ஒருகாலத்தில் ஆடவே கூடாது என்று தடுக்கப்பட்ட சிட்டிக்கு மீண்டார்.

1924 மார்ச் 29 அன்று நியூகாசில் யுனைட்டெட் அணிக்கு எதிரான எஃப். ஏ. கோப்பை அரையிறுதியில் ஆடியபோது இவருக்கு அகவை 49 ஆண்டுகள் 243 நாட்கள். சிட்டி 0-2 என்று தோற்ற அவ்வாட்டமே இவரது கடைசிப் போட்டி ஆட்டமாகும்.

வேல்ஸ் அணியில்

மெரெடித் 1895 முதல் 1920 வரை வேல்ஸுக்காக 48 ஆட்டங்களில் ஆடி 11 கோல்கள் அடித்தார். நாட்டு அணிக்கு வீரரை விடுவிப்பது கழகத்தின் விருப்பத்தைப் பொறுத்திருந்தது. கழகங்கள் மறுத்ததால் இவர் பல ஆட்டங்களை இழந்தார். இல்லையேல் இவ்வெண்ணிக்கை மேலும் உயர்ந்திருக்கும். 1907இல் வேல்ஸ் முதன்முறையாகப் பிரித்தானிய நாடுகளுக்கிடையிலான வாகைப் பட்டத்தை வென்ற அணியில் இவர் இருந்தார். 1920 மார்ச் 15 அன்று இலண்டன் ஹைபரியில் இங்கிலாந்தை 2-1 என்று வேல்ஸ் வென்ற ஆட்டமே இவரது கடைசிப் பன்னாட்டு ஆட்டம். அப்போது இவருக்கு 45 அகவை.

மறைவும் நினைவும்

ஓய்வுக்குப் பின் மெரெடித் மான்செஸ்டரில் மதுவிடுதி நடத்தினார். 1958 ஏப்ரல் 19 அன்று தமது 83ஆம் அகவையில் அந்நகரில் காலமானார். மான்செஸ்டர் யுனைட்டெட் வீரர்கள் பலரைப் பலிகொண்ட மியூனிக் விமான விபத்து நடந்து இரண்டு மாதங்களே ஆகியிருந்தன. இவரது கல்லறை நெடுங்காலம் பெயர்க்கல் இன்றியே கிடந்தது. 2001இல் வீரர் சங்கமும், இரு மான்செஸ்டர் கழகங்களும், வேல்ஸ் காற்பந்துச் சங்கமும் செலவை ஏற்றுப் புதிய கல் நிறுவின. 2007இல் இங்கிலாந்துக் காற்பந்துப் புகழ் மண்டபத்தில் இவரது பெயர் சேர்க்கப்பட்டது.

மெரெடித் எதிர்த்த விதிகள் இவரது வாழ்நாளில் மறையவில்லை. இவர் இறந்து மூன்று ஆண்டுகளுக்குள், 1961 ஜனவரியில், ஊதிய உச்சவரம்பு நீக்கப்பட்டது. 1963இல் ஜார்ஜ் ஈஸ்தம் தொடுத்த வழக்கில் தக்கவைப்பு முறை முறையற்ற தொழில் கட்டுப்பாடு என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1995இல் ஐரோப்பிய நீதிமன்றம் வழங்கிய போஸ்மன் தீர்ப்பு, ஒப்பந்தம் முடிந்த வீரர் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்கிடையே கட்டணமின்றிக் கழகம் மாற வழிசெய்தது. இம்மூன்று மாற்றங்களுள் முதலிரண்டுக்கும் துணைநின்றது, 1907இல் மெரெடித் தலைமை தாங்கிய கூட்டத்தில் பிறந்த அதே வீரர் சங்கம் ஆகும்.