கப்பல் ஓட்டியவர் கடன் கணக்கு எழுதினார்

தூத்துக்குடியில் இரண்டு கப்பல்களை ஓட்டியவர் வ.உ.சிதம்பரம் பிள்ளை. அந்தக் கதை எல்லோருக்கும் தெரியும். கப்பல் போன பிறகு அவர் குடும்பம் நடத்திய கதை பலருக்குத் தெரியாது.

அவர் பிறந்தது 1872-ம் ஆண்டு செப்டம்பர் 5-ந் தேதி. ஊர் ஒட்டப்பிடாரம். அப்போது அது திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்தது. தகப்பனார் உலகநாத பிள்ளை வக்கீல். வீட்டில் பஞ்சம் இல்லை. மகனும் வக்கீலுக்குப் படித்தார்.

சிதம்பரனார் நல்ல வக்கீல். ஏழைகள் வந்தால் பணம் வாங்காமலே வாதாடுவார். இப்படிப்பட்டவர் கையில் பணம் தங்குமா? ஆனாலும் அந்தக் காலத்தில் வருமானம் நிறைய வந்தது. அதனால் குறை தெரியவில்லை.

பத்து லட்ச ரூபாய் கம்பெனி

1906-ம் ஆண்டு சுதேசிக் கப்பல் கம்பெனி பிறந்தது. மூலதனம் பத்து லட்ச ரூபாய். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய் வீதம் 40 ஆயிரம் பங்குகள். பாண்டித்துரைத் தேவர் தலைவர். வேலை முழுவதும் சிதம்பரனார் தலையில்தான். பம்பாய்க்குப் போனார். பங்கு சேர்த்தார். "காலியா", "லாவோ" என்ற இரண்டு கப்பல்கள் வந்தன. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் நடுவே சுதேசிக் கப்பல் ஓடியது.

வெள்ளைக்காரக் கம்பெனிக்கு ஆத்திரம். கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே வந்தது. கடைசியில், பணமே வேண்டாம், சும்மா ஏறிக்கொள்ளுங்கள் என்ற அளவுக்கு வந்துவிட்டது! பெரிய கம்பெனிக்கு நஷ்டத்தைத் தாங்கும் பலம் உண்டு. 25 ரூபாய் பங்கு போட்டவர்களின் கம்பெனிக்கு ஏது?

1908-ம் ஆண்டு பிப்ரவரி கடைசியில் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளிகள் வேலை நிறுத்தம் செய்தார்கள். சிதம்பரனார் அவர்கள் பக்கம் நின்றார். தொழிலாளிகள் பட்டினி கிடக்காதபடி ஊரில் பணம் திரட்டினார். சில நாட்களில் மில் நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி உயர்ந்தது.

மார்ச் 12-ந் தேதி சிதம்பரனாரைத் திருநெல்வேலியில் கைது செய்தார்கள். மறுநாள் ஊர் கொந்தளித்தது. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டார்கள். ஜூலை 7-ந் தேதி நீதிபதி பின்ஹே தீர்ப்புச் சொன்னார். இரண்டு ஆயுள் தண்டனை. மொத்தம் 40 ஆண்டு! அந்தத் தீர்ப்பைக் கேட்டுத் தம்பி மீனாட்சிசுந்தரம் சித்தம் கலங்கிப் போனார்.

வழக்கு ஐகோர்ட்டுக்குப் போயிற்று. பிறகு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போயிற்று. வழக்கு என்றால் பணம். சம்பாதிக்கிறவரோ ஜெயிலில். மனைவி மீனாட்சி அம்மாள் சின்னக் குழந்தைகளை வைத்துக்கொண்டு குடும்பத்தையும் பார்த்தார், வழக்கையும் பார்த்தார். செக்கு இழுத்தவரைப் பற்றி நாம் பேசுகிறோம். அந்த அம்மாள் வீட்டில் இழுத்த செக்கைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு.

சன்னது போயிற்று

1912-ம் ஆண்டு டிசம்பர் 24-ந் தேதி விடுதலை கிடைத்தது. கண்ணனூர் ஜெயிலிலிருந்து வெளியே வந்தார். வெளியே என்ன இருந்தது? கம்பெனி 1911-லேயே கலைந்துவிட்டது. கப்பல் விற்கப்பட்டுவிட்டது. அதுவும் யாருக்கு? போட்டி போட்ட வெள்ளைக்காரக் கம்பெனிக்கே "காலியா" போய்ச் சேர்ந்தது. தண்டனை பெற்றதால் வக்கீல் சன்னதும் பறிபோயிருந்தது. கற்ற தொழிலைச் செய்ய வழி இல்லை.

குடும்பத்தோடு சென்னைக்குப் போனார். சிந்தாதிரிப்பேட்டை, மயிலாப்பூர், பெரம்பூர் என்று வீடு மாறிக்கொண்டே இருந்தது. பிழைப்புக்குக் கடை வைத்தார். மண்ணெண்ணெய் விற்றார். அரிசி விற்றார். கப்பலில் சரக்கு ஏற்றியவர் படியில் அரிசி அளந்தார். ஆனால் வியாபாரம் அவருக்குக் கைகொடுக்கவில்லை.

1914-ல் முதல் உலக யுத்தம் தொடங்கியது. விலைவாசி ஏறியது. நண்பர்களிடம் உதவி கேட்டு எழுத வேண்டிய நிலை. தென்னாப்பிரிக்காவில் வேலை செய்த தமிழர்கள் அவரை மறக்கவில்லை. தங்கள் உழைப்பில் மிச்சம் பிடித்துப் பணம் அனுப்பினார்கள். வேதியப் பிள்ளை என்ற அன்பர் அப்படி உதவியவர்களில் முக்கியமானவர்.

அங்கே இந்தியர்கள் இவருக்காகத் திரட்டிய ஒரு தொகை காந்திஜியிடம் வந்திருந்தது. 1915-ல் காந்திஜி இந்தியா திரும்பினார். சிதம்பரனார் சென்னையில் அவரைச் சந்தித்தார். பணத்தைப் பற்றிக் கடிதம் எழுதினார். கடிதம் மேல் கடிதம் போயிற்று. கொடுத்தவர்களின் விவரம் சரியாகத் தெரியாததால் தாமதம் ஆயிற்று. எத்தனையோ பேருக்கு அள்ளிக் கொடுத்தவர் தமக்கு வரவேண்டிய தொகையை நினைவூட்டி எழுதுவது எவ்வளவு கஷ்டம்! ஆனால் வீட்டு நிலைமை அப்படி. வேண்டாம் என்று சொல்லும் நிலையில் தாம் இல்லை என்பதை அவர் மறைக்கவில்லை. 1916-ம் ஆண்டு தொடக்கத்தில் பணம் வந்து சேர்ந்தது. தொகை 347 ரூபாய் 12 அணா.

எல்லாச் செலவையும் சுருக்கியவர் ஒன்றை மட்டும் விடவில்லை. அது தமிழ். அறநூல்கள் எழுதினார். தொல்காப்பியத்துக்கு இளம்பூரணர் எழுதிய உரையைத் தேடிப் பதிப்பித்தார். சிக்கனக் கணக்குப் பார்க்கிற எந்தக் குடும்பஸ்தரும் இதைத்தான் முதலில் வெட்டுவார். சிதம்பரனார் வெட்டவில்லை. இதில் வீட்டாருக்கு வருத்தம் இருந்திருந்தால் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

மகனுக்கு வெள்ளைக்காரர் பெயர்

சென்னையில் காலம் ஓடவில்லை. கோயமுத்தூருக்குப் போனார். அங்கே பாங்கியில் வேலை பார்த்தார். அந்தச் சம்பளமும் போதவில்லை. சன்னதைத் திரும்பக் கேட்டு மனுப் போட்டார். வாலஸ் என்ற நீதிபதி உதவி செய்தார். அவர் திருநெல்வேலியில் வேலை பார்த்தவர். சிதம்பரனாரின் குணம் அறிந்தவர். சன்னது திரும்பி வந்தது. அந்த நன்றியை மறக்காமல் ஒரு மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். வெள்ளைக்கார ஆட்சியை எதிர்த்தவர் வெள்ளைக்காரர் ஒருவரின் பெயரை வீட்டிலே வைத்துக் கூப்பிட்டார்.

பிறகு கோவில்பட்டியில் வக்கீல் தொழில் செய்தார். பழைய வருமானம் வரவில்லை. பல ஆண்டுகள் ஒரு தொழிலை விட்டவர் மறுபடியும் கட்சிக்காரர்களைப் பிடிப்பது லேசா? வயதும் ஐம்பதைத் தாண்டிவிட்டது. 1932-ல் தூத்துக்குடிக்கே திரும்பினார்.

1936-ல் நோய் படுக்கையில் தள்ளியது. சிதம்பரனார் உயில் எழுதினார். உயில் என்றால் சொத்தைப் பங்கு வைப்பதுதான் வழக்கம். அவர் உயிலில் கடன் பட்டியலும் இருந்தது. ஜவுளிக்கடைக்கு இவ்வளவு, எண்ணெய்க்கடைக்கு இவ்வளவு, சில்லறைக் கடன் இவ்வளவு என்று எழுதி வைத்தார். எல்லாம் சிறு சிறு தொகைகள். தமக்குப் பின்னால் அந்தக் கடைக்காரர்கள் ஏமாந்துவிடக்கூடாது என்பது அவர் கவலை. பத்து லட்ச ரூபாய்க் கம்பெனியை நடத்திய அதே கை அந்தக் கணக்கை எழுதியது.

அந்திம நேரத்தில் தம்மைக் காங்கிரஸ் அலுவலகத்துக்குக் கொண்டுபோகச் சொன்னார். பாரதியாரின் பாட்டைக் கேட்டுக்கொண்டே, 1936-ம் ஆண்டு நவம்பர் 18-ந் தேதி அங்கேயே கண்ணை மூடினார்.